மாத்தேரானுக்கு ஒரு நடை: கோடையில் குடும்பத்தோடு மலை ஏறிய கதை

மும்பை வெயிலைப் பற்றி மும்பையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் கத்தரி வெயில் என்றால் தலை காயும். வேப்பமரத்தடியில் ஒதுங்கினால் காற்று வரும். இங்கே அப்படி இல்லை. உடம்பெல்லாம் வேர்த்து வழியும், காயாது. தகரக் கூரைக்குக் கீழே மச்சு போட்டுக் குடியிருப்பவர்களுக்கு இரவு பன்னிரண்டு மணிக்கும் கூரை சுடும். பிள்ளைகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஏப்ரல் முடிந்து பள்ளிக்கூடமும் மூடிவிட்டால், பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் படும் பாடு சொல்லி மாளாது.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒன்றே ஒன்று. ஊருக்குப் போவது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் மே மாதத்தில் இடம் கிடைத்தால் அது லாட்டரி விழுந்த மாதிரி. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. தொடங்கிய சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. டிக்கெட் கிடைக்காத குடும்பம் என்ன செய்யும்? ஃபேனைப் போட்டுக்கொண்டு ஜூன் மழைக்குக் காத்திருக்கும்.

அப்படிக் காத்திருந்த குடும்பங்களில் ஒன்று, தாராவியில் தோல் பை தைக்கும் என் ஊர்க்காரர் ஒருவருடையது. இரண்டு கோடைக்கு முன் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுச் சொன்னார்: "கலியாணமாகி வந்து பதினோரு வருசமாச்சு அண்ணாச்சி. சயான் ஆஸ்பத்திரியும் குர்லா டெர்மினசும் தவிர இந்த ஊர்ல நான் எதைப் பாத்தேன்? இந்த வருசம் ஊருக்கும் போக்கு இல்ல."

ஊர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரயில்வேயில் எழுத்தராக இருக்கிற எனக்கும் டிக்கெட் வாங்கித் தர வழியில்லை. "மாத்தேரான் போவோம், ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டது அவ்வளவுதான். அதன் பலனையும் அனுபவித்தோம்.

முதல் பயணம்: எல்லாம் தவறு

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைக் கிளப்பி, புளிச்சோறு கட்டி, வீட்டைப் பூட்டும்போதே எட்டு மணி. நேரல் நிலையத்தில் இறங்கும்போது பத்தரை. சின்ன ரயிலுக்கான டிக்கெட் எப்போதோ தீர்ந்திருந்தது. ஷேர் டாக்சிக்கு நீண்ட வரிசை. மலைப்பாதை வளைவுகளில் இரண்டு பையன்களும் வாந்தி எடுத்தார்கள். மேலே தஸ்தூரியில் வண்டி நின்றதும் குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். விலை பேசாமல் பையன்களை ஏற்றிவிட்டோம். இறங்கும்போது கேட்ட தொகையில் ஊர்க்காரரின் இரண்டு நாள் கூலி போயிற்று.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மரமில்லாத ஒரு முனையில் போய் நின்றோம். அங்கே ஒரு குரங்கு புளிச்சோற்றுத் தூக்குவாளியைப் பிடுங்கிப் பாறைக்குக் கீழே உருட்டிவிட்டது. கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்தது. திரும்பும் லோக்கலில் கல்யாண் வரை நின்றுகொண்டே வந்தோம். மதினி குறை சொல்லவில்லை. ஆனால் என் மனைவியிடம், "இதுக்கு வீட்டுலயே ஃபேன் போட்டுப் படுத்திருக்கலாம்க்கா" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

மலையின் கதை

மராத்தியில் மாத்தே என்றால் தலை, ரான் என்றால் காடு. தலையில் காட்டைச் சுமக்கும் மலை என்று வைத்துக்கொள்ளலாம். 1850-இல் தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையைக் கோடை வாசஸ்தலமாக்க வழிகாட்டினார். ஆனால் ரயில் போட்டது வெள்ளைக்காரர் அல்ல. மும்பையின் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் சொந்தப் பணத்தில் 1904-இல் தொடங்கி 1907-இல் முடித்தது. இரண்டடி அகலப் பாதை. நேரலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வழியில் ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று நிலையங்கள். சுரங்கம் ஒன்றே ஒன்று, அதுவும் மிகச் சிறியது. அதற்கு "ஒரு முத்தச் சுரங்கம்" என்று ஆங்கிலத்தில் பெயர். குடும்பப் பத்திரிகையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மழை இந்தப் பாதையைச் சும்மா விடுவதில்லை. 2005 ஜூலை வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டு 2007-இல்தான் வண்டி மறுபடி ஓடியது. 2019 மழையிலும் சேதம். முழுப் பாதையும் திறக்க 2022 அக்டோபர் ஆயிற்று. மழைக்காலத்தில் நேரலுக்கும் அமன் லாட்ஜுக்கும் இடையே வண்டியை நிறுத்திவிடுவார்கள். மேலே அமன் லாட்ஜிலிருந்து மாத்தேரான் வரை மட்டும் குட்டி வண்டி போய் வரும்.

ஊருக்குள் கார், பஸ், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. தஸ்தூரியோடு சரி. அதற்குப் பிறகு நடை, குதிரை அல்லது ரயில். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவும் வெகு காலம் இருந்தது. அதை ஆறு மாதத்துக்குள் ஒழித்து, இழுத்தவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா கிடைக்க வழி செய்யும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மூச்சு வாங்க மலைமேட்டில் ரிக்‌ஷா இழுத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவின் அருமை தெரியும்.

குளிர் எவ்வளவு?

இதில் ஏமாறக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மாத்தேரான் சுமார் 800 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி, அடிவாரத்தைவிட மேலே ஐந்து டிகிரி குறையும். அடிவாரமான நேரலோ கடற்காற்று எட்டாத இடம். மே மாதத்தில் மும்பையைவிடக் கூடுதலாகவே காயும். ஆகவே பகல் ஒரு மணிக்கு மாத்தேரானில் திறந்த வெளியில் நின்றால் அங்கும் வெயில்தான். ஸ்வெட்டர் எடுத்துப் போகிறவர்கள் சுமைதான் தூக்குவார்கள்.

பிறகு ஏன் போக வேண்டும்? மரம். ஊர் முழுவதும் மர நிழலில் செம்மண் பாதை. எஞ்சின் புகை இல்லை, ஹாரன் இல்லை. காலை பத்து மணி வரையிலும் மாலை நான்குக்குப் பிறகும் காற்று குளிர்ந்து வருகிறது. இரவில் ஃபேன் இல்லாமல் தூங்கலாம். அந்த ஒன்றுக்காகவே ஓர் இரவு தங்க வேண்டும் என்பது என் கட்சி. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் வெயில் வேளையை மட்டும் மலையில் கழித்துவிட்டு, குளிர் வரும் நேரத்தில் கீழே இறங்குகிறார்கள்.

இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் மகாபலேஷ்வர் இருக்கிறது. 1,350 மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். லோனாவாளா மழைக்காலத்துக்குத்தான் சரி. கோடையில் அங்கே போய் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கேட்பதற்கு நம் தெருவே மேல்.

இரண்டாம் பயணம்

மறு வருஷம் தை மாதமே தொடங்கினோம். இரண்டு வீட்டுப் பெண்களும் மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் எடுத்துவைத்தார்கள். வைகாசிக்குள் பத்தாயிரம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையை விட்டோம். எனக்குச் செவ்வாய் ஓய்வு. புதன்கிழமைக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போட்டேன். ஊர்க்காரர் முதலாளியிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கினார். நாங்கள் மூவர், அவர்கள் நால்வர், ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, ஆக எட்டுப் பேர்.

ஆச்சிக்கு முழங்கால் வலி. "நான் எதுக்குய்யா? நீங்க போயிட்டு வாங்க, வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்றார். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "அத்த வரலைன்னா நானும் வரல" என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். மாமியாரும் மருமகளும் அந்த ஓர் அறைக்குள் பேசாமல் இருந்த நாட்களை நான் அறிவேன் என்பதால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆச்சிக்காக வழியை மாற்றினோம். நேரலில் காலை வண்டிகள் மிகக் குறைவு, பெட்டியும் குறுகல், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி உட்கார வேண்டும். ஆகவே ஏறும்போது டாக்சியில் தஸ்தூரி, அங்கிருந்து சிறிது நடந்து அமன் லாட்ஜ் நிலையம், பிறகு குட்டி வண்டியில் இருபது நிமிடம். இறங்கும்போது பிள்ளைகளுக்காக முழுப் பயணமும் ரயிலில். ஆச்சியும் ஊர்க்காரரும் மட்டும் டாக்சி. பையன்களுக்கு இந்த முறை மலையேறும் முன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்கவில்லை, வாந்தியும் இல்லை.

அறை முன்கூட்டியே பேசியிருந்தோம். ஒரு விடுதியில் முன்பணம் வாங்கிக்கொண்டு, போன பிறகு வேறு அறையைக் காட்டினார்கள். ஜன்னலே இல்லை. என் மனைவி வாசலிலேயே மூட்டையை வைத்துவிட்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். அரை மணி வாதாடிய பின் திண்ணையோடு கூடிய பெரிய அறை கிடைத்தது. அறையின் படத்தை முதலிலேயே செல்போனில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வார நாளா, சனி ஞாயிறா என்பதையும் சொல்லி வாடகை பேசுங்கள். இரண்டும் வெவ்வேறு விலை.

மாலையில் சார்லட் ஏரிக் கரை, எதிரொலி முனை. பையன்கள் தங்கள் பெயரை மாற்றி மாற்றிக் கத்தி மலையைப் பேச வைத்தார்கள். பல முனைகளில் கம்பித் தடுப்பு சரியாக இல்லை. கீழே நேராகப் பள்ளம். செல்போனில் படம் எடுக்கிறவர் பின்னால் நகரக் கூடாது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு எடுக்கும் படம் நமக்கு வேண்டாம்.

கடைத்தெருவில் சிக்கி மிட்டாயும் தோல் செருப்பும் குவிந்து கிடக்கின்றன. ஊர்க்காரர் ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்து, விரலால் தையலை நெருடி, "இது ரெண்டு மாசம் தாங்காது" என்று தமிழில் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் மராத்தியில் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி வைத்தார். தொழில் தர்மம்.

இரவு பத்து மணிக்கு நான் வெளியே வந்தபோது ஆச்சி திண்ணையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். மதினி பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "குளிருதா அத்த?" என்று கேட்டார். "நம்ம ஊரு மார்கழி மாரி இருக்குட்டி" என்றார் ஆச்சி. அப்படியொன்றும் குளிரவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. மதினி அதற்குப் பிறகு வெகு நேரம் எழுந்து உள்ளே போகவில்லை.

எட்டுப் பேருக்கும் இரண்டு நாளுக்கு மொத்தச் செலவு ஒன்பதாயிரத்து நானூறு. மீதி அறுநூறில் சிக்கி வாங்கினோம்.

போகிறவர்களுக்கு

சயானில் வேக லோக்கல் நிற்காது. தாதருக்குப் போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பலகையில் கர்ஜத் அல்லது கோபோலி என்று இருக்க வேண்டும். கசாரா என்பதைக் கர்ஜத் என்று படித்துவிடாதீர்கள். கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிகிறது. என் மைத்துனர் ஒருவர் அப்படி ஏறி, டிட்வாலாவில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அது முடியும் நிலையத்துக்கு அப்பால் தனி டிக்கெட் எடுக்க மறக்க வேண்டாம்.

சின்ன ரயிலில் போக விரும்புகிறவர்கள் விடியற்காலை லோக்கலைப் பிடித்து, டிக்கெட் கொடுக்கத் தொடங்கும் முன்பே நேரலில் வரிசையில் நிற்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் வரிசையில், மற்றவர்கள் நிழலில். தஸ்தூரியில் நகராட்சி நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு எங்கிருந்து எங்கே, எத்தனை முனை, எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசுங்கள். சாப்பாட்டை மூடிபோட்ட பையில், கையில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். குரங்குக்குத் தூக்குவாளி நன்றாகத் தெரியும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை அறையிலோ மர நிழலிலோ இருந்துவிடுங்கள்.

வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். செம்மண் அப்பினால் லேசில் போகாது. எங்கள் வீட்டு மூவருடைய துணியும் இரண்டு துவைப்பில்தான் வெளுத்தது. மதினி வீட்டுச் சின்னப் பையனின் பள்ளிக்கூடச் சட்டை இன்னும் வெளுக்கவில்லை.