லிங்கனின் பாட்டனார்

1848ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வாஷிங்டன் நகரிலிருந்து ஒருவர், தாம் முன்பின் கண்டறியாத வேறொருவருக்குக் கடிதம் ஒன்று வரைந்தார். எழுதியவருக்கு அப்போது வயது 39. இலினோய் மாநிலத்தின் சார்பிலே பிரதிநிதிகள் சபையில் அங்கம் வகித்தவர். எனினும், கடிதத்தில் அரசியல் எதுவும் இல்லை. என் பாட்டனாரைப் பற்றி ஏதேனும் அறிவீர்களா, அவருக்கு நீங்கள் என்ன உறவு, உங்கள் குடும்பத்தார் எங்கிருந்து எக்காலத்தில் வேர்ஜீனியாவுக்கு வந்தனர் என்பனவே அதில் இருந்த வினாக்கள். எழுதியவர் ஆபிரகாம் லிங்கன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியாகி உலகப் புகழ் எய்தியவர் அவரே.

இந்தத் தேட்டத்தைத் தொடக்கிவைத்தவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹிங்கம் என்னும் ஊரைச் சேர்ந்த சொலமன் லிங்கன். தம் ஊரின் வரலாற்றை நூலாக எழுதியவர் அவர். நீங்களும் எங்கள் வழியினரோ என அவர் கேட்டபோது, அரசியலாளர் லிங்கனால் திட்டமாக விடை கூற இயலவில்லை. பாட்டனாருக்கும் ஆபிரகாம் என்றே பெயர். அவர் வேர்ஜீனியாவின் ரொக்கிங்கம் பகுதியிலிருந்து ஏறக்குறைய 1782இல் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் செவ்விந்தியர் கையால் மடிந்தார். முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வந்தோர். அவர் அறிந்தது இவ்வளவே. வேர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் மக்டவல், ரொக்கிங்கத்தில் டேவிட் லிங்கன் என்றொருவர் வாழ்கிறார் எனச் சொல்லவே, லிங்கன் அவருக்கு மேற்கூறிய கடிதத்தை விடுத்தார். மறுமொழி வந்தது. டேவிட்டின் பெரியதந்தையும் லிங்கனின் பாட்டனாரும் ஒருவரே என்பது ஐயமற விளங்கிற்று.

யார் இந்தப் பாட்டனார்? 1744ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி பென்சில்வேனியாவிலே பிறந்தவர். தந்தையார் ஜோன் லிங்கன் 1768இல் வேர்ஜீனியாவில் லின்வில் ஓடைக் கரையிலே 600 ஏக்கர் வாங்கினார். அதில் 210 ஏக்கரை 1773இல் மகனுக்கு அளித்தார். பிரித்தானியாவுக்கு எதிரான சுதந்திரப் போர் மூண்டபோது, இந்தக் கமக்காரர் குடிப்படையின் கப்டனானார். அயலவர் அறுபது பேர் அவர் ஆணையின் கீழ் இருந்தனர். கூலிப்படையினர் அல்லர் இவர்கள். உழவும் அறுவடையும் விட்டு, அழைத்தபோது துப்பாக்கியோடு புறப்பட்டவர்கள். 1778ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இவருடைய அணி தளபதி மக்கின்டொஷ் என்பவரின் கீழ் மேற்கே சென்று, காட்டினிடையே இரண்டு கோட்டைகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டது. போர்க்களத்து வீரச் செயல் ஒன்றும் இவர் பெயரால் வழங்கவில்லை. பனியிலே மரம் தறித்ததும் மதில் எழுப்பியதுமே அவருடைய போர் எனலாம்.

1780இல் அவர் லின்வில் காணியை விற்றார். அதே ஆண்டு மார்ச் மாதம் வேர்ஜீனிய அரசின் திறைசேரிக்கு 160 பவுண் செலுத்தி, கென்டக்கியில் 400 ஏக்கர் பெறுவதற்கான பத்திரமும் வாங்கினார். நூறு ஏக்கருக்கு நாற்பது பவுண் என்பது அந்நாளைய அரச விலை. போரினால் பணத்தின் மதிப்பு வீழ்ந்திருந்த காலமாதலால், கையில் காகிதமாயிருந்ததை மண்ணாக மாற்றிக்கொண்டார் என்றே சொல்லவேண்டும். கென்டக்கி அப்போது வேர்ஜீனியாவின் ஒரு பகுதி. மனைவி பத்சேபாள், ஆண்மக்கள் மொர்தெகாய், யோசியா, தோமஸ், பெண்மக்கள் இருவர் ஆகியோருடன் மலைகளைக் கடந்து அங்கே சென்றார். இன்றைய லூயிவில் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், ஹியூஸ் நிலையம் எனப்பட்ட காவற்கோட்டைக்கு அருகே காடு வெட்டிச் சோளம் பயிரிட்டார்.

1786ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், புதல்வர் மூவரும் உடனிருக்க அவர் வயலிலே வேலை செய்துகொண்டிருந்தார். காட்டுக்குள்ளிருந்து ஒரு வெடி கேட்டது. தந்தை வீழ்ந்தார். இளையவர் யோசியா உதவி கோரிக் கோட்டையை நோக்கி ஓடினார். மூத்தவர் மொர்தெகாய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தார். கடைக்குட்டி தோமஸ் மட்டும் தந்தையின் உடலருகே திகைத்து நின்றான். காட்டிலிருந்து வெளிப்பட்ட ஒருவன் அச்சிறுவனைப் பற்ற முனைந்த வேளையில், மொர்தெகாய் குடிசையிலிருந்து குறி வைத்துச் சுட்டார். வந்தவன் மார்பிலே குண்டு பாய்ந்து மாண்டான். உயிர் பிழைத்த அந்தத் தோமஸே ஜனாதிபதி லிங்கனின் தந்தை. இக்கதையை அவர் மகனுக்குப் பலகாலும் சொல்லியிருக்கிறார். தம் நினைவிலே வேறெந்தக் குடும்பக் கதையினும் ஆழமாகப் பதிந்தது இதுவே என்று லிங்கன் 1854இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார்.

கேட்ட கதையை அப்படியே வரலாறு என்று கொள்ளலாமா? இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பாட்டனார் கென்டக்கிக்கு வந்து ஓரிரண்டு ஆண்டுகளில் இறந்தார் எனவும், அப்போது தந்தைக்கு வயது ஆறு எனவும் லிங்கன் எழுதியிருக்கிறார். அவ்வாறாயின் மரணம் 1784ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கவேண்டும். ஆனால் 1785ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி, லோங் ரன் என்னும் ஓடைக்கரையில் அந்த 400 ஏக்கர் அளக்கப்பட்டமைக்குப் பதிவு உண்டு. அளவைச் சங்கிலி பிடித்தோருள் ஒருவர் யோசியா. எல்லை மரங்களில் அடையாளம் வெட்டியவர் ஆபிரகாமே. காணி யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? ஆபிரகாம் 'லிங்க்ஹோர்ன்' பெயரில்! எழுதுவோர் காதில் விழுந்தபடி பெயரை எழுதிய காலம் அது. லிங்கன் என்ற எழுத்தை மட்டுமே தேடிச் செல்பவர் இந்த ஏட்டைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அளவைப் பதிவு ஒன்றை மட்டும் கொண்டு முடிபு கட்ட இயலாது. மற்றைப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்தோரே 1786 மே எனக் கொண்டனர். சம்பவத்தைக் கண்ணாரக் கண்ட குழந்தை, நிகழ்ந்ததை மறக்கவில்லை, ஆண்டைத்தான் தவறவிட்டது.

கதை சொல்லாத வேறொன்றையும் ஏடு சொல்கிறது. அவர் விட்டுச் சென்ற அசையும் பொருள்களின் பட்டியல் நெல்சன் பகுதி நீதிமன்றத்தில் 1789இல் பதியப்பட்டது. இரண்டு குதிரைகள், கன்றோடு மூன்று பசுக்கள், கலப்பை, மூன்று களைக்கொட்டுகள், சணல் நூற்கும் இராட்டை, ஒரு டசின் வெள்ளீயத் தட்டுகள், துளையிடும் கருவிகள், தோல் பதனிடும் கத்தி, இறகு மெத்தைகள், ஒரு கோடரி. மொத்த மதிப்பு 68 பவுண் 16 ஷில்லிங் 6 பென்ஸ். மெழுகுதிரித் தண்டைக்கூட விடாமல் விலை மதித்திருக்கிறார்கள். துப்பாக்கிகள் மூன்று. அவற்றுள் ஒன்றைத்தான் மொர்தெகாய் அன்று கையில் எடுத்தார் போலும்; எது என்பதைப் பட்டியல் கூறாது. ஆயினும் நேயர்களே, ஒரு மனிதரின் வாழ்வை அறிய அவரது வீர வரலாற்றினும் அந்தக் களைக்கொட்டுகளே எனக்கு உதவுகின்றன.

அசையும் பொருள் சொற்பமேயன்றிக் காணி சொற்பமன்று. பல இடங்களிலுமாக அவருக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் உரித்து இருந்தது. அப்படியாயின் அவருடைய பேரன் ஏன் ஏழைக் குடிசையிலே பிறந்தான்? மரணத்தின் திகதி இங்கேதான் முக்கியமாகிறது. அவர் மரண சாசனம் எழுதவில்லை. சாசனமின்றி இறந்தவரின் காணி முழுவதும் மூத்த மகனையே சேரும்; விதவைக்கு மூன்றிலொரு பங்கில் சீவிய உரிமை உண்டு; மற்றப் பிள்ளைகளுக்கு இல்லை. இதுவே வேர்ஜீனியாவின் பழைய சட்டம். இதனை ஒழித்து, பிள்ளைகள் யாவர்க்கும் சமபங்கு வழங்கும் புதிய சட்டம் 1785இல் நிறைவேறி, 1787 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கப்டன் இறந்தது அதற்கு ஏழு மாதங்களின் முன்னர்.

மொர்தெகாய் காணிக்காரராகிச் செல்வாக்கோடு வாழ்ந்தார். தோமஸ் பள்ளிப் படிப்பின்றிக் கூலி வேலை செய்து வளர்ந்தார். குடும்பத்தின் திறமை முழுவதையும் மொர்தெகாய் பெரியப்பாவே கொண்டுபோய்விட்டார் என்று லிங்கன் வேடிக்கையாகச் சொல்வாராம். காணியைக் கொண்டுபோனதைப் பற்றி அவர் குறைகூறியதாகத் தெரியவில்லை. தோமஸ் பின்னர் தம் உழைப்பினால் காணி வாங்கினார். கென்டக்கியிலோ ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோருவது வழக்கமாயிருந்தது. மரத்தையும் ஓடையையும் எல்லையாக எழுதிய உறுதிகள் ஒன்றன்மேலொன்று ஏறிக்கிடந்தன. உறுதித் தகராறுகளே முதன்மைக் காரணமாக, அவர் 1816இல் குடும்பத்தோடு இந்தியானாவுக்குப் பெயர்ந்தார்.

சுட்டவன் பக்கத்தையும் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். 1768இல் கென்டக்கி நிலத்தைப் பிரித்தானியருக்கு விட்டுக்கொடுத்தோர் வடக்கேயிருந்த இரொக்குவா மக்கள். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷோனி மக்கள் அதற்கு இசையவில்லை. தம்மைக் கேளாமல் விற்கப்பட்ட நிலத்தில், வேற்றவர் காடு வெட்டி வேலி கட்டுவதை அவர்கள் கண்டனர். கப்டன் லிங்கனின் பெயரைப் பிழையாகவேனும் எழுதிவைக்க ஓர் எழுத்தர் இருந்தார். மொர்தெகாயின் குண்டுக்கு இரையானவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1909இல் வெளிவந்த ஆராய்ச்சி நூலொன்று லிங்கன் மரபை முழுமையாக நிறுவிற்று. 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் லிங்கன் என்பவரின் வழியில் ஐந்தாம் தலைமுறையினர் நம் கப்டன். சாமுவேல் குடியேறிய ஊர் எது? சொலமன் லிங்கன் 1848இல் கேள்வி விடுத்த அதே ஹிங்கம்தான். விடை கிடைத்தபோது, கேட்டவரும் இல்லை; கேட்கப்பட்டவரும் இல்லை.

கப்டன் தம் குடிசைக்கு அருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார் என்பது மரபு. அவ்விடத்திலே பின்னர் லோங் ரன் பாப்திஸ்து ஆலயம் எழுந்தது. அதன் இடுகாட்டில் 1937இல் அவர் பெயர் பொறித்த கல்லொன்று நாட்டப்பட்டது. அதிலே லிங்கன் என்றே எழுதியிருக்கிறார்கள்.