'சுபம்' போட்ட பிறகு அவள் என்ன ஆனாள்?

எங்கள் வீட்டில் சினிமா என்றால் நான்தான் முதல் ஆள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி, எந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது, யார் நடிக்கிறார்கள் என்று டி.வி.யில் சொன்னால் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி வந்துவிடுவேன். "பரீட்சையில சினிமாக் கேள்வி கேட்டிருந்தா நீ ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்திருப்பே" என்று கேலி செய்வார் என்னவர். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். கேலியில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது!

இரண்டாம் பாகம் என்றால் ஏன் இத்தனை ஆசை? பக்கத்து வீட்டில் பல வருஷம் குடியிருந்து, ஊர் மாறிப் போனவர்களை மறுபடி பார்க்கிற ஆசைதான். 'அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆச்சே, நல்லா இருக்காளா? எத்தனை குழந்தை?' என்று விசாரிக்கத் தோன்றும் இல்லையா? அப்படி ஆசையாகப் போய்ப் பல தடவை ஏமாந்து திரும்பியிருக்கிறேன். கதாநாயகன் இருப்பான், அவன் மீசை இருக்கும், வசனம் இருக்கும். கதாநாயகியைத்தான் காணோம்!

இதை என் மாமியாரிடம் சொன்னேன். "இது இன்னிக்கு நேத்திக்கு வந்த வழக்கமா?" என்றார். "எனக்குக் கல்யாணமான புதுசுல, 1979-ல 'கல்யாணராமன்' பார்த்தோம். கமலுக்கு ஜோடி ஸ்ரீதேவி. 1985-ல 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்துது. போய்ப் பார்த்தா ஜோடி ராதா! பல்லு மட்டும் அதே பல்லு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 'எந்திரன்' 2010-ல் வந்தது. ஐஸ்வர்யா ராய் நடித்த சனாவுக்காகத்தானே அந்த ரோபோ அத்தனை கலாட்டா பண்ணியது? 2018-ல் '2.0' வந்தபோது சனா போனில் கேட்கிற குரலோடு சரி. 2003-ல் வந்த 'சாமி'யில் திரிஷா நடித்த மாமிப் பெண் புவனாவை மறக்க முடியுமா? 2018-ல் 'சாமி ஸ்கொயர்' வந்தபோது புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். அந்தப் புவனாவையும் கொன்றுவிட்டு, பிள்ளையைக் கதாநாயகனாக்கிக் கதையை நகர்த்திவிட்டார்கள். 'சிங்கம்' படத்தின் மூன்று பாகங்களிலும் அதே அனுஷ்கா, அதே காவ்யாவாக வந்தது பெரிய அதிசயம்தான்!

நடிகைக்குத் தேதி கிடைக்காமல் போகலாம், சம்பளம் ஒத்துவராமல் போகலாம். அது நமக்கும் புரிகிறது. ஆள் மாறினால்கூடப் பரவாயில்லை. ஆளே இருந்தும் அவள் குணம் மாறிப்போனால்?

2014-ல் 'வேலையில்லா பட்டதாரி' வந்தபோது, அமலா பால் நடித்த ஷாலினியை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பல் டாக்டர். வேலை இல்லாத பையன் என்று தனுஷை மட்டமாக நினைக்காத பெண். 2017-ல் இரண்டாம் பாகம் வந்ததும் குடும்பத்தோடு கிளம்பினோம். அதில் ஷாலினி அவன் மனைவி. வீட்டுக்குள் நுழைய அவன் நடுங்குகிறான், அவள் அதட்டுகிறாள். தியேட்டரே சிரித்தது. என்னவர் என் கையை இடித்து, "நம்ம வீட்டைப் பார்த்து எடுத்திருக்கான்" என்றார். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன்!

திரும்பி வரும்போது என் மகள், அப்போது 11 வயசு, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, அந்த அக்கா முதல் படத்துல எவ்வளவு நல்லா இருந்தாங்க! கல்யாணம் ஆனா எல்லாரும் இப்படி ஆயிடுவாங்களா?"

எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு போய்விட்டது. "அது சினிமாடி" என்று சமாளித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் அதட்டுவது இல்லையா? உண்டு. பால் கணக்கும் கேஸ் கணக்கும் ஸ்கூல் பீஸும் மண்டைக்குள் ஓடும்போது குரல் உயரத்தான் செய்யும். ஆனால் சினிமாவில் குரலைக் காட்டுகிறார்கள், கணக்கைக் காட்டுவதில்லை. என் பெண்ணும் என்னிடம் குரலை மட்டும்தான் பார்க்கிறாளோ என்று கவலை வந்தது.

எல்லா இரண்டாம் பாகமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 2015-ல் வந்த 'பாகுபலி' முதல் பாகத்தில் சங்கிலியில் கட்டுண்டு சுள்ளி பொறுக்கும் கிழவியாகத் தேவசேனாவைப் பார்த்தோம். 2017-ல் வந்த இரண்டாம் பாகம், அவள் எப்படிப்பட்ட வீரப் பெண்ணாக இருந்தாள் என்று காட்டியது.

ஆனால் என் மகள் கேள்விக்குப் பதில் கிடைத்தது ஒரு மலையாளப் படத்தில். ஜீத்து ஜோசப் இயக்கிய 'த்ரிஷ்யம்' 2013-ல் வந்தது. அதைத்தான் அவரே 2015-ல் கமல், கௌதமியை வைத்துப் 'பாபநாசம்' என்று தமிழில் எடுத்தார். 'த்ரிஷ்யம் 2' தியேட்டருக்கு வராமல், கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில் நேரே வீட்டுக்கே ஓ.டி.டி.யில் வந்தது. மூன்றாம் பாகத்தையும் 2025-ல் அறிவித்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் ஆறு வருஷம் ஓடியிருக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்றிய மோகன்லால் தியேட்டர் முதலாளி ஆகிவிட்டார். மீனா நடித்த ராணி? போலீஸ் ஜீப்பைக் கண்டாலே அவளுக்குக் குலை நடுங்குகிறது. மூத்த பெண்ணுக்கு அந்தப் பயத்தில் வலிப்பு வருகிறது. நடந்ததைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், புருஷன் பேச்சையே எடுக்க விடுவதில்லை. மனசிலுள்ள பாரத்தை இறக்கி வைக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேடிப் போகிறாள். அதனால் என்ன விளைகிறது என்பதை, பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லவில்லை.

அவளும் புருஷனிடம் எரிந்து விழுகிறாள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் எரிந்து விழுகிறாள் என்று நமக்குத் தெரிகிறதே! படம் முடிந்ததும் மகளிடம் சொன்னேன்: "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா? யாரும் சும்மா மாறிடறதில்லைடி. மாறினா அதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்கும்." அவள் ஒன்றும் பேசாமல் என் மடியில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை காபி டம்ளரை வாங்கிக்கொண்டே என்னவர் கேட்டார்: "உனக்கு ஏதாவது மனசுல இருந்தா யார்கிட்ட சொல்லுவே?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "இத்தனை நாளா குக்கர்கிட்ட" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டம்ளரோடு சமையலறைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஆபீசுக்கு அரைமணி நேரம் லேட்!

சினிமா எடுக்கிறவர்களுக்கு நம் குரல் எட்டுமோ என்னவோ. எட்டினால் ஒன்றே ஒன்று: இரண்டாம் பாகம் எடுக்கிறீர்களா, தாராளமாக எடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எடுங்கள்.

நம் வீட்டுக் கதையும் 'சுபம்' போட்ட பிறகு நடக்கிற இரண்டாம் பாகம்தானே, சகோதரிகளே! அதில் நாம் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வோம்.