மூன்றாவது நெல் வேண்டாம்!

திங்கள் தையல் வகுப்பு, செவ்வாய் பஜனை, புதன் மாதர் சங்கம், வியாழன் இந்தி வகுப்பு. “எப்படித்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கிறதோ!” என்று பக்கத்து வீட்டு அம்மாள் வியக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள், சகோதரி! ஆசைப்பட்டா இத்தனையும் ஒப்புக்கொண்டீர்கள்? எல்லோரும் வெளியே போனபின், கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும் அந்தப் பிற்பகலுக்குப் பயந்துதானே?

பங்குனியில் பூதப்பாண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் கொடுத்த வயல் சும்மா கிடக்கும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையையும் கோடையில் அடைத்து, ஜூனில்தான் பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். சிலர் உளுந்து தூவுவார்கள். அது மண்ணுக்கு உரம் சேர்க்கும் பயிர். மூன்றாவது முறையும் நெல்லே நட்டால் மண் சத்து குறையும், பூச்சி பெருகும்.

உங்கள் வாரத்தில் எது உளுந்து, எது மூன்றாவது நெல்? தலையாட்டிய அன்றே “ஐயோ, ஏன் ஒப்புக்கொண்டோம்!” என்று தோன்றியதே, அதுதான் மூன்றாவது நெல். அதை விட்டுவிடுங்கள். காரணம் கேட்டால், “வீட்டில் இருக்க வேண்டும்” என்றால் போதும். (பொய் இல்லையே!)

முதல் இரண்டு வாரம் பிற்பகல் நீளமாகத்தான் இருக்கும். கை தானாகப் போனைத் தேடும், எடுக்காதீர்கள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் வாசலிலேயே நின்று கேட்பாள்: “அம்மா, இன்னைக்கும் வீட்டிலேதான் இருக்கியா?”