திறந்திருக்கும் ஷட்டர்

ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடினால், ஓடும் பேருந்தும் நிற்பதுபோல் பதிவாகும். அதையே பல நொடிகள் திறந்து வைத்தால் அசையாதவை தெளிவாக நிற்கும். அசைபவை கோடாகும், புகையாகும், சில சமயம் படத்திலிருந்தே மறையும்.

மாலை இருட்டும் நேரத்தில் மதுரை பழங்காநத்தம் சந்திப்பு இதைப் பழக ஏற்ற இடம். கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 11, நேரம் 10 முதல் 20 நொடி என வைக்கலாம். முகப்பு விளக்குகள் வெள்ளைக் கோடுகளாகவும் பின்விளக்குகள் சிவப்புக் கோடுகளாகவும் நீளும். வண்டியின் உடல் எந்த ஓரிடத்திலும் போதிய நேரம் நிற்பதில்லை, அதனால் பதியாது. பொத்தானை அழுத்தும் அதிர்வு படத்தைக் கெடுக்காதிருக்க, 2 நொடி டைமர் உதவும்.

பகலில் இவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும். லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரைப் பொருத்த வேண்டும். 10 ‘ஸ்டாப்’ ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். அதனால் நொடியில் 60இல் ஒரு பங்காக இருந்த திறப்பு நேரம் 16 நொடியாகும். வண்டியூர் தெப்பக்குளத்தின் சிற்றலைகள் மழமழப்பாகும். நடந்து செல்பவர்கள் மறைவார்கள். 1858இல் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் மதுரையைக் காகித நெகட்டிவ்களில் படமெடுத்தபோது நீண்ட நேரம் ஒளி விழவிட வேண்டியிருந்தது. அன்று அது கட்டாயம், இன்று உத்தி.

இதே உத்தியில் இரவு வானின் விண்மீன்களும் கோடுகளாகப் பதியும்; அவை மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தெரியும். மதுரையில் துருவ விண்மீன் அடிவானிலிருந்து சுமார் 10 பாகை உயரத்திலேயே இருப்பதால், வடக்கே பார்த்தால் அதைச் சுற்றிய சிறு வட்டங்கள் மட்டுமே முழுதாகக் கிடைக்கும்; மற்றவை வில்களாகும். நேர் கிழக்கில் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக எழும். நகர வெளிச்சத்தில் ஒரே படமாக ஒரு மணி நேரம் எடுத்தால் வானம் வெளுக்கும். 30 நொடிப் படங்கள் 120 எடுத்து மென்பொருளில் இணைப்பதே வழி.

இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்துக் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் எழுத்தும் வரையலாம். 30 நொடிக்கு மேல் தேவைப்பட்டால், பெரும்பாலான கேமராக்களில், விரும்பும் வரை ஷட்டரைத் திறந்துவைக்கும் ‘பல்ப்’ முறை உண்டு. நேரம் நீளநீள சென்சார் சூடாகிப் புள்ளிகள் தோன்றும். இதற்கான இரைச்சல் குறைப்பு வசதி, ஷட்டரை மூடியபடி அதே அளவு நேரம் இன்னொரு படம் எடுத்து, அதிலுள்ள புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும். தொடர் விண்மீன் படங்களில் இவ்வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் கோடுகளில் இடைவெளி விழும்.