நாணும் கோலும்: வில்வித்தையில் நேரும் பிழைகள்

வில் என்றவுடன் தமிழ் பயில்வோர் நெஞ்சில் கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியே தோன்றுவான். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததென வன்பரணர் புறநானூற்று 152-ஆம் பாடலிற் புகழ்கிறார். தென்காசி வட்டாரத்தார்க்கோ, வில் என்றால் மணி கட்டிய வில்லுப்பாட்டு வில்லே முதலில் நினைவிற்கு வரும். தைத்த அம்பைப் பாடிய நாம், தப்பிய அம்பு ஏன் தப்பியது என்று ஆராய்ந்தது குறைவு. வில்வித்தை பயில விழையும் மாணவர்க்கு அவ்வாராய்ச்சியே முதற்பாடம்.

குறி தப்பியதும் மாணவன் வில்லைப் பழிப்பான். பயிற்றுநர் மாணவனைப் பழிப்பார். எவர் கூற்று மெய் என்பதை இலக்குப் பலகையே சொல்லிவிடும். ஆறு அம்புகள் எய்து பார்க்க. அவை நடுவை விட்டு விலகினும் ஒரே இடத்திற் குவிந்திருப்பின் எய்தவன் முறை சீரானது. திருத்த வேண்டியது வில்லிலுள்ள குறிகாட்டி. அதனை அம்பு விழுந்த திசையிலேயே நகர்த்த வேண்டும். எதிர்த்திசையில் நகர்த்துவோரே பலர்! அம்புகள் சிதறிக் கிடப்பின், குறிகாட்டியைத் தொடுவதிற் பயனில்லை. பிழை உடல் நிலையில் உள்ளது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. விட்டமே உடையது. கையில் இம்மியளவு நேரும் பிழை அங்கே சாண் அளவாகிவிடும்.

இவ்வாறு பிழைக்குக் காரணம் தேடும் முறை புதிதன்று. அராபியர் வில்வித்தை நூல்கள் இதனைத் தனிப்பொருளாகவே எடுத்துப் பேசின. மொராக்கோவைச் சேர்ந்த, பெயர் அறியப்படாத ஒருவர் எழுதிய நூலொன்று 1945-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நாண் முன்கையில் அடிப்பதும் அம்பு ஆடிச் செல்வதும் அதில் ஆராயப்பட்டுள்ளன. இன்றும் புதிதாகப் பயில்வோர் முதலிற் சொல்லும் முறையீடுகள் இவையே.

முன்கை சிவந்து வீங்கினால் காப்புறை அணிவது தற்காலிக மருந்து. வில் ஏந்திய கையின் முழங்கை உட்புறமாகத் திரும்பி நாணின் வழியில் நிற்பதே பெரும்பாலும் காரணம். தோளைத் தாழ்த்தி, முழங்கையைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பினால் நாணுக்கு வழி கிடைக்கும். பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறைந்தாலும் நாண் அடிக்கும். நடுத்தர நீளமுள்ள போட்டி வில்லில் இவ்விடைவெளி ஏறத்தாழ 21 முதல் 24 செ.மீ. வரை இருத்தல் தகும்; நாணை முறுக்கினால் இது கூடும்.

அம்பு மேலுங்கீழும் துள்ளினால், நாணில் அம்பைப் பொருத்தும் இடம் பிசகியிருக்கலாம். பக்கவாட்டில் வாலசைத்துச் சென்றால், அம்பின் விறைப்பு வில்லின் வலிமைக்குப் பொருந்தவில்லை எனக் கொள்ளலாம். வலக்கையால் நாணிழுப்போர்க்கு, மிக விறைத்த அம்பு இடப்புறமும் மிக வளையும் அம்பு வலப்புறமும் ஒதுங்கும். அம்பு எங்கே விழுந்தது என்று காணும் ஆவலில் தலையைத் தூக்க, வில் தாழ்ந்து அம்பு கீழே விழுவதும் உண்டு. ஆயினும் இப்பிழைகள் பலவற்றிற்கும் வேர் ஒன்றே என்பது எம் கருத்து: தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வில்லை எடுத்தல். தோள் நடுங்குபவனுக்கு எந்த அறிவுரையும் செவியில் ஏறாது.

காப்பினைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அம்பின்றி நாணை இழுத்து விடலாகாது. அம்பு ஏற்க வேண்டிய விசை வில்லிலேயே பாய்ந்து அதனை முறித்துவிடும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் மெல்ல வளைத்து விரிசல் பார்க்க வேண்டும். விரிசலுற்ற அம்பு எய்கையிற் சிதறிக் கையைத் துளைத்துவிடும். இதனைச் சொல்லாமல் மாணவர் கையில் வில்லைக் கொடுப்பது பெரும் பொறுப்பின்மையாகும்.

இனி நம் ஊர்ச் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று அம்பைத் தான் வீசும் பக்கமே தள்ளும். நாணை இழுத்தபடி காற்று அடங்கக் காத்திருந்தால் தோள் சோர்ந்துவிடும். இறக்கி வைத்து மீண்டும் இழுப்பதே முறை. மூங்கில் வில்லை ஈரத்தில் நாணேற்றியே வைத்தால் வளைவு நிலைத்து வலிமை குன்றும். இறகு நனைந்தால் படிந்துவிடும். ஆதலின் குற்றாலத்தில் எய்வோர் சாரல் நாள்களில் பிளாஸ்டிக் இறகு பூட்டிய அம்புகளையே எடுத்துச் செல்லுதல் நன்று.