காலணியில் ஒட்டிய விதை

அண்டார்டிகாவைக் காணச் செல்லும் பயணிகளுள் பெரும்பாலோர் அர்ஜென்டினாவின் உசுவாயா நகரில் கப்பலேறுகின்றனர். கொந்தளிக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஆகும். பனிக்கண்டம் கண்ணில் பட்டாலும் உடனே கரையேற முடியாது. பயணிகள் இறங்கும் இடங்களில் துறைமுகம் இல்லை. எனவே, கப்பல் கடலிலேயே நிற்கும். ‘ஸோடியாக்’ எனப்படும் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளே பயணிகளைக் கரைக்கு ஏற்றிச் செல்லும்.

ஒரு படகில் சுமார் பத்துப் பேர் அமரலாம். அதன் காற்றுக்குழாய் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை படகை மிதக்க வைக்கும். படகில் ஏறும்போது பயணியும் மாலுமியும் ஒருவர் மற்றவரின் முன்கையைப் பற்றிக்கொள்வர். ஈரமான கையுறை வழுக்கினாலும் இந்தப் பிடி எளிதில் நழுவாது. கரையருகே குளிர்நீரில் கால் வைத்து இறங்க வேண்டியிருப்பதால் உயரமான ரப்பர்க் காலணி அணிவது கட்டாயம்.

அந்தக் காலணியைக் கப்பலிலேயே தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். உடையிலும் பையிலும் விதைகள் ஒட்டியுள்ளனவா என்றும் சோதிப்பர். இதற்குத் தக்க காரணம் உண்டு. கிங் ஜார்ஜ் தீவில், மனிதர்களோடு வந்து சேர்ந்த அயல்நாட்டுப் புல் ஒன்று வேரூன்றிவிட்டது. அதை அகற்ற ஆய்வாளர்கள் பாடுபட நேர்ந்தது. 2024ஆம் ஆண்டில் பறவைக் காய்ச்சலும் அண்டார்டிகப் பெருநிலத்தில் கண்டறியப்பட்டது. ஆகவே, கரையில் தரைமீது அமரவோ பையை வைக்கவோ கூடாது.

ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. பெங்குவின்களிடமிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். அவை நடந்து வந்தால் மனிதர்தாம் வழிவிட வேண்டும். கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. சில வகைப் பெங்குவின்கள் கூழாங்கற்களைக் கொண்டே கூடு கட்டுகின்றன. நமக்கு நினைவுப் பொருளாகத் தோன்றும் கல், அவற்றுக்கு வீட்டின் சுவராகும்.

1959ஆம் ஆண்டில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம், அக்கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரியதாக்கியது. மலேசியாவும் 2011இல் அதில் இணைந்தது. அங்கு நிரந்தரக் குடிமக்கள் இல்லை. தவறு செய்வோரைத் தட்டிக்கேட்க ஊராரும் இல்லை. எனவே, விருந்தினராகச் செல்பவரே காவலராகவும் இருக்க வேண்டும். அந்தக் காவல், காலணியைக் கழுவுவதிலிருந்தே தொடங்குகிறது.