தொட்டறியும் விஞ்ஞானம்

நூதனசாலைக்குச் செல்வோர் அங்கே முதலில் வாசிக்கும் வாசகம் பெரும்பாலும் "தொடாதீர்கள்" என்பதே. பழஞ் செப்பேட்டையும் சிலையையும் காக்கக் கடமைப்பட்டவர் வேறு விதமாக எழுத இயலாது; அதனை நாம் குறைகூறவும் வேண்டியதில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் இயல்பு வேறு. நெம்புகோல் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துப் பூட்டிவிட்டால் அங்கே எஞ்சுவது ஒரு தடியேயன்றி நெம்புகோல் அன்று. ஒரு முனையில் அழுத்துங் கையும் மறுமுனையில் எழும்பும் பாரமும் இருக்கும்போதே அஃது அப்பெயருக்கு உரியதாகின்றது. இவ்வெளிய உண்மையை மேனாட்டார் முழுமையாக உணர்ந்து, அதற்கேற்ற நிலையங்களை அமைத்துக்கொள்ள ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அந்நிலையங்களுள் ஒன்றனைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் மாநகரில் 1799 ஆம் ஆண்டில் றோயல் இன்ஸ்டிற்றியூசன் என்னும் நிலையம் தோன்றியது. விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இளையோர்க்கான நத்தார்காலச் சொற்பொழிவுகள் அங்கே 1825 இல் ஆரம்பமாயின. புத்தகங் கட்டும் தொழில் பயின்று, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் பரடே அம்மேடையில் பன்முறை பேசினார். மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவைத்துக்கொண்டு அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 1861 இல் நூலாக வெளிவந்தன. திரியை அடையும் மெழுகு ஆவியாகி எரிவதையும், எரிதலிலிருந்து நீர் பிறப்பதையும், சுடர் வெளிவிடும் வாயுவையே நாமும் மூச்சாக வெளிவிடுகின்றோம் என்பதையும் அவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். எனினும் செய்தவர் பரடே, சபையோர் கண்டவர்களே. பரடேயைப் போன்ற ஒருவர் மேடையில் நிற்கும்வரை இக்குறை எவருக்கும் புலப்படாது. அவர் போனபின்பே அது தெரியும்.

அடுத்த படியை எடுத்துவைத்தவர் ஜேர்மன் தேசத்துப் பொறியியலாளரான ஒஸ்கார் வொன் மில்லர். இவருடைய திறமை கட்டடத்திற்கு முன்பே கண்காட்சியில் வெளிப்பட்டது. 1891 இல் பிராங்க்பேட் நகரில் நிகழ்ந்த மின்சாரக் கண்காட்சிக்கு, நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள லௌபன் என்னும் ஊரிலிருந்து 175 கிலோமீற்றர் தூரம் கம்பி வழியே மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அத்துணைத் தூரம் மின்சாரத்தைச் செலுத்தினால் வழியிலேயே பெரும்பகுதி வீணாகிவிடும் என்று அறிஞர் பலர் ஐயுற்றிருந்த காலம் அது. அளவைக் கருவிகளைக் காட்டி அவர்களை நம்பவைத்திருக்கலாம். மில்லரும் அவர்தம் கூட்டாளிகளும் செய்ததோ வேறு. ஆயிரம் விளக்குகளை எரித்ததோடு, அதே மின்சாரத்தால் நீரை மேலேற்றிக் கண்காட்சி வளவில் செயற்கை அருவி ஒன்றையும் விழச்செய்தனர். லௌபனில் ஆற்றுநீர் விழ, பிராங்க்பேட்டில் அருவி எழுந்தது. எண்ணறியாத மனிதனும் அதனைக் கண்டு, இடையிற் செல்லும் கம்பியின் வேலை யாதென உய்த்துணர்ந்திருப்பான். சத்தி உருமாறும் என்னும் கோட்பாட்டை இதனினுந் தெளிவாகப் பொதுமக்கள்முன் வைத்த காட்சி பிறிதொன்றிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

அம்மில்லரே 1903 இல் மியூனிக் நகரில் ஜேர்மன் நூதனசாலையை நிறுவியவர். ஈசார் ஆற்றின் நடுவேயுள்ள தீவில் எழுந்த அதன் கட்டடம் 1925 இல், அவருடைய எழுபதாவது பிறந்த தினத்தன்று திறந்துவைக்கப்பட்டது. உள்ளுறுப்புக்கள் தெரியுமாறு வெட்டிவைத்த இயந்திரங்கள், பார்வையாளர் தாமே இயக்கக்கூடிய மாதிரிகள், நிலத்தின் கீழ் நடந்து பார்க்கத்தக்க சுரங்கம் ஆகியன அதன் சிறப்புக்கள். ஆயினும் அங்கே பெரும்பாலும் மனிதன் செய்துமுடித்த பொறிகளே காட்டப்பட்டன. பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுழலும். ஒவ்வொரு முறையும் அதே விதமாகவே சுழலும்.

பாரிசில் 1937 இல் நடந்த உலகக் கண்காட்சியின்போது, நோபற் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ஜீன் பெரின் "கண்டுபிடிப்பு மாளிகை" என்னும் பொருள்படும் நிலையத்தைத் தொடக்கிவைத்தார். செய்துமுடிந்த பொறிகளைவிட விஞ்ஞானிகளின் பரிசோதனைகளையே மக்கள்முன் நிகழ்த்திக் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. அம்மாளிகையில் வட்டமான ஓர் அறையுண்டு. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்குமுள்ள விகிதமாகிய பையின் பெறுமானம் 707 தசமதானங்கள் வரை அதன் சுவரைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கங்கள் வில்லியம் சாங்ஸ் என்னும் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கையாற் கணித்தவை. 528 ஆவது தானத்திலிருந்து அவர் கணக்குப் பிழையென்பது 1940 களிலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. சுவர் 1949 இல் திருத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்துணையோ பேர் அப்பிழையை அண்ணாந்து பார்த்து வியந்து சென்றிருப்பர். இதற்காக அவர்களை நகையாட இடமில்லை. சுவரில் எழுதியதைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வழியேது? வியப்பு வேறு, அறிவு வேறு என்பதற்கு அவ்வறை நல்ல சான்று.

இனி, நாம் விரிவாக நோக்க எண்ணிய நிலையத்திற்கு வருவோம். அஃது ஐக்கிய அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள எக்ஸ்புளோரற்றோரியம்; தேடிக் காணும் இடம் என்று பொருள் கொள்ளலாம். அதனை ஆக்கியவர் பிராங்க் ஒப்பன்ஹைமர். அணுக்குண்டு ஆக்கும் பணிக்குத் தலைமைதாங்கிய றொபேட் ஒப்பன்ஹைமரின் இளைய சகோதரர் இவர். 1912 இற் பிறந்து, பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, யுத்தகாலத்தில் தாமும் அப்பணியில் ஈடுபட்டார். 1945 இல் பாலைவனத்தில் முதற் குண்டு வெடித்தபோது அங்கே இருந்தார். யுத்தத்தின்பின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். முன்னொரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் அங்கத்தவராயிருந்தமை பற்றி 1949 இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று அவரை விசாரித்தது. தம் அங்கத்துவத்தை ஒப்புக்கொண்ட அவர், பிறர் பெயரைக் கூற மறுத்தார். பதவி போயிற்று, பிற பல்கலைக்கழகங்களின் கதவுகளும் அடைபட்டன. கொலராடோ மலைப்பகுதியில் மாட்டுப்பண்ணை நடத்தி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

அப்பத்தாண்டின் இறுதியிலே நிகழ்ந்ததே ஆசிரியராகிய எம்மை மிகவும் கவர்வது. பகோசா ஸ்பிறிங்ஸ் என்னும் அச்சிற்றூரின் பாடசாலையில் அவருக்கு விஞ்ஞான ஆசிரியர் பதவி கிடைத்தது. அணுவைப் பிளந்தவர்களோடு பணியாற்றிய கைகள் கரும்பலகையைத் தொட்டன. தம் மாணவரைப் பழைய இரும்புக் குவியலுக்கு அழைத்துச்சென்று, அங்கே கிடந்த இயந்திரத் துண்டுகளைக் கழற்றிப் பார்க்கவைத்து, பொறிமுறையையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கற்பித்தார். ஆய்கூட உபகரணம் வரவில்லை என்று எழுதிவிட்டு ஆண்டு முழுவதும் குறிப்பு வழங்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அவர் அவ்வழியிற் செல்லவில்லை. பின்னர்க் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றபோது, மாணவர் தாம் விரும்பிய நேரத்தில் வந்து இயக்கிப் பார்க்கத்தக்க பரிசோதனைகளை, நூலகத்து நூல்களைப் போல, ஒருசேர அமைத்துவைத்தார். 1965 இல் ஐரோப்பா சென்று அங்குள்ள விஞ்ஞான நூதனசாலைகளைப் பார்வையிட்டார். 1915 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட நுண்கலை மாளிகையில், 1969 இல் எக்ஸ்புளோரற்றோரியம் திறக்கப்பட்டது. 1985 இல் அவர் மறையும்வரை அதுவே அவருடைய வாழ்வாயிற்று. 2013 முதல் அந்நிலையம் அந்நகரின் துறைமுக மேடையொன்றில் இயங்கிவருகின்றது.

அங்குள்ள காட்சிகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பல நூறு இறாத்தல் நிறையுள்ள பாரம் ஒன்று ஊசலாகத் தொங்குகின்றது. சிறு நூலின் முனையிற் கட்டிய மெல்லிய காந்தத்தை அதன்மேல் ஒட்டவைத்து இழுக்கவேண்டும். பலமாக இழுத்தால் காந்தம் கழன்று கையோடு வந்துவிடும், பாரம் அசையாது. வலியவனும் மெலிந்தவனும் இங்கே ஒன்றே. தோற்றுப்போனவன் பிறகு மெல்ல இழுத்துப் பார்க்கின்றான். பாரம் மயிரிழையளவு அசைகின்றது. அது தன்னை நோக்கி வரும்போது மட்டும் மீண்டும் மெல்ல இழுக்கின்றான். விலகிச் செல்லும்போது நூலைத் தளரவிடுகின்றான். ஒவ்வோர் இழுப்பும் முன்னதன்மேற் சேர்ந்து, சிறிது நேரத்தில் அப்பெரும் பாரம் வீசியாடத் தொடங்கிவிடுகின்றது. ஆடுவது தன் செயலால் என்பதையும், தன் பலத்தால் அன்று என்பதையும் அவன் ஒரே கணத்தில் உணர்கின்றான். வருடப்பிறப்பில் ஊஞ்சலை உந்தி ஆட்டிய எவரும் இவ்வுண்மையைக் கையால் அறிந்திருப்பர். அதற்கு ஒரு பெயர் உண்டென்பதை அறியாதிருப்பர். எமது நாட்டுப் பௌதிக நூல்கள் அதனைப் பரிவு என்று வழங்குகின்றன. கலைச்சொல் ஆக்கியோரை நாம் பலகாலும் குறைகூறியதுண்டு. ஆயினும் ஒன்றன் அசைவுக்கு மற்றொன்று இசைந்து அசைவதனைப் பரிவு என்றவர் தமிழின் உள்ளம் அறிந்தவரே.

இக்காட்சிக்கும் பொத்தானை அழுத்தும் காட்சிக்குமுள்ள வேறுபாட்டை நோக்குக. இங்கே பிழைபட இழுக்க இடமுண்டு. பிழையாக இழுத்தால் பிழையான விளைவே வரும். அதனைச் சுட்டிக்காட்ட எவரும் வேண்டியதில்லை. விளைவை முன்கூட்டித் தீர்மானித்து வைத்த பொறியில் இப்பேறு கிட்டாது.

வேறு சில ஏற்பாடுகளும் குறிப்பிடத்தக்கன. காட்சிப்பொருள்கள் ஆக்கப்படும் தொழிற்சாலை நிலையத்தினுள்ளேயே, வருவோர் கண்ணிற் படும்படி வைக்கப்பட்டது. விளக்குநர்களாக உயர்தரப் பாடசாலை மாணவர்கள் கூலி கொடுத்து அமர்த்தப்பட்டனர். மாட்டுக் கண்ணை அறுத்து வில்லையை எடுத்துக் காட்டுவோரும் அவர்களே. பிறர்க்கு விளக்கப் புகுந்தவனுக்குத் தன் விளக்கத்தின் ஓட்டை முதலிற் புலப்படும் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். இவற்றினும் பெரிதாக நாம் மதிப்பது, காட்சிப்பொருள்களை எவ்வாறு செய்வதென்பதைச் சமையற் குறிப்புப்போல எழுதி, பிற ஊரார் பார்த்துச் செய்துகொள்ளுமாறு நூல்களாக வெளியிட்டமை. உலகின் பற்பல விஞ்ஞான நிலையங்களில் ஒரே வகையான காட்சிகள் காணப்படுவதற்கு இவ்வண்மையும் ஒரு காரணம்.

ஒப்பன்ஹைமர் இத்துணைப் பாடுபட்டது சிறுவரை மகிழ்விப்பதற்கு மட்டுமா? உலகைத் தம்மால் விளங்கிக்கொள்ள முடியும் என்ற துணிவு மக்களுக்கு இருந்தாலன்றி, தம் தீர்மானங்களால் எதனையும் மாற்றலாம் என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றாது என அவர் கருதினார். குண்டு வெடித்ததைக் கண்ட ஒருவர் இதனைக் கருதியமை சிந்திக்கத்தக்கது. விளங்காதென்று மக்கள் கைவிட்ட விடயத்தில், விளங்கிய சிலரே எல்லார்க்குமாகத் தீர்மானிப்பர்.

இவ்வகை நிலையங்கள் குறையற்றன என்று நாம் கூற வரவில்லை. விடுமுறை நாளில் இரைச்சல் மிகும். ஒன்றைத் தொட்டு முடியுமுன் அடுத்ததற்கு ஓடும் பிள்ளைகள் பலர். ஊசல் ஆடுவதைக் கை அறியும். பாரம் பத்து மடங்காயினும் அதன் அலைவுகாலம் ஏன் மாறுவதில்லை என்பதைக் கை அறியாது. அதற்குக் காகிதமும் பென்சிலும் தனிமையும் வேண்டும். நிலையம் பாடநூலை வெளியேற்றிவிடும் என்று ஆர்ப்பரிப்போரும், அது வெறும் விளையாட்டுக் கூடம் என்று ஒதுக்குவோரும் அதனுள்ளே நெடுநேரம் நின்றிருக்கமாட்டார்.

அயலாகிய பாரதநாட்டில், கல்கத்தாவில் 1959 இல் பிர்லா கைத்தொழில் நூதனசாலை திறக்கப்பட்டது. 1965 முதல் இயக்கிப் பார்க்கத்தக்க காட்சிகளைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பாடசாலைகளுக்கு அனுப்பினர். நிலையத்தை நாடி வர இயலாதவரை நிலையமே நாடிச்சென்ற இம்முறை எமது நிலைமைக்கு மிகப் பொருந்தும். அதே 1965 இல் கொழும்பில், கைத்தொழிற் கண்காட்சியை ஒட்டி, பொறியியலாளர் குலசிங்கவின் அமைப்பில் கோள்மண்டலம் எழுந்தது. தாமரை வடிவான அக்கட்டடத்தின் கவிமாடத்தில் விண்மீன்களைக் கண்டு மகிழ்ந்த மாணவர் தலைமுறைகள் பல. ஆயினும் அங்கே இருந்து பார்க்கலாமேயன்றித் தொட்டுப் பார்க்க இயலாது. வானம் கைக்கு எட்டாப் பொருளாதலின் அது கட்டடத்தின் குற்றமன்று.

பெருங் கட்டடம் வரும்வரை பாடசாலைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து கிலோகிராம் மணல் நிரப்பிய சாக்கு ஒன்றை வளவிலுள்ள மரத்தின் வலிய கிளையில் நான்கு மீற்றர் கயிற்றால் தொங்கவிட்டு, தையல் நூலொன்றைக் கட்டிவிட்டாற் போதும். அதன் அலைவுகாலம் ஏறத்தாழ நான்கு செக்கன். தாளமறிந்து இழுத்தால் இருபது முப்பது இழுப்புக்களில் மூட்டை ஒரு முழத்துக்கு மேல் ஆடும். பொறுமையிழந்து வெட்டி இழுத்தால் நூல் அறும். அதன்பின் கயிற்றை ஒரு மீற்றராகக் குறுக்குக. அலைவுகாலம் இரண்டு செக்கனாகும். இப்பொழுது நான்கு செக்கனுக்கு ஒருமுறை சிறிதளவே சுண்டி இழுத்தாலும் ஆட்டம் வளர்வதை மாணவர் காண்பர். மீண்டும் நான்கு மீற்றராக்கி, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை அவ்வாறே இழுத்தாலோ, இழுப்புக்கள் இரட்டிப்பாகியும் ஆட்டம் வளராது. காரணத்தை அவர்களே ஆராயட்டும். ஆசிரியர் அன்றைக்கு வாய் திறவாதிருத்தல் நலம்.